மந்திரமும் வரட்டும், ஆம்புலன்ஸும் வரட்டும்

ஆரல்வாய்மொழிக்கு அருகே ஒரு செங்கல் சூளையில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது, ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த தொழிலாளி ஒருவரைக் கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. அவருடைய ஊர்க்காரர்கள் முழங்காலுக்குக் கீழே கயிற்றை இறுகக் கட்டி, தங்கள் பெரியவர் மந்திரித்து முடிக்கும்வரை எங்கும் அனுப்ப மாட்டோம் என்று சுற்றி நின்றார்கள். 108-ஐ அழைத்துவிட்டு, என் அரைகுறை இந்தியில் மந்திரம் பயன்படாது என்று வாதாடியதுதான் நான் செய்த முதல் தவறு; அவர்கள் முகம் இறுகியது, நிமிடங்களும் வீணாயின. பிறகு அந்தப் பெரியவரிடமே சென்று, "பாபா, நீங்களும் வண்டியில் வாருங்கள், வழியெல்லாம் மந்திரியுங்கள், கடிவாயைக் கீற மட்டும் வேண்டாம்" என்று வேண்டினேன். அவர் தலையசைத்ததும் மற்றவர்கள் விலகினார்கள்.

காலில் கட்டியிருந்த கயிற்றை நானே அவிழ்க்க முனைந்தபோது, நஞ்சு ஒரேயடியாகப் பரவக்கூடும், மருத்துவர் முன்னிலையில்தான் தளர்த்த வேண்டும் என்று ஆம்புலன்ஸில் வந்தவர் தடுத்தார். காலை அசையாதபடி மட்டை வைத்துக் கட்டி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடம் ஆகியும் உறையாததால், நஞ்சு ஏறியிருப்பது தெரிந்து, அங்கே நஞ்சுமுறி மருந்தை ஏற்றினார்கள். பெரியவர் வார்டுக்கு வெளியே முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்; யாரும் தடுக்கவில்லை.

அந்தத் தொழிலாளி பிழைத்துத் திரும்பிய நாளில் பெரியவர் தம் கூலியாக ஒரு கோழியை வாங்கிக்கொண்டார். அதில் எனக்கும் ஒரு பங்கு வந்தது.