தோட்டத்துத் தொட்டியின் நீர்மட்டம் வீட்டிலேயே தெரிய: லோராவான் செய்முறை

எங்கள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் போல இருக்கும். நடுவில் தென்னந்தோப்பு. வைஃபை அவ்வளவு தூரம் எட்டாது. சிம் போட்ட கருவி வைக்கலாம், ஆனால் அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். அனுப்ப வேண்டியதோ தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்ற ஒரு எண்தான். லோரா இந்த மாதிரி வேலைக்காகவே வந்த ரேடியோ முறை. பிரான்சின் கிரெனோபிளில் சைக்ளியோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது; 2012இல் செம்டெக் என்ற அமெரிக்கச் சிப் நிறுவனம் அதை வாங்கியது. அந்த ரேடியோவின் மேல் ஓடும் வலையமைப்பு விதிகளுக்குப் பெயர் லோராவான்.

அர்டுயினோவில் போர்டு சேர்ப்பது, நூலகம் நிறுவுவது, சோல்டரிங் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

வாங்க வேண்டியவை

நோடு என்பது தொட்டியில் வைக்கும் கருவி. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஹெல்டெக் வைஃபை லோரா 32, வி3. ஈஎஸ்பி32-எஸ்3 சிப்பும் எஸ்எக்ஸ்1262 ரேடியோவும் ஒரே பலகையில் இருக்கின்றன, சின்னத் திரையும் உண்டு. என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள அந்தத் திரை பெரிய உதவி. வாங்கும்போது அதிர்வெண்ணைப் பாருங்கள். 433 என்று போட்டிருப்பது வேண்டாம், 863 முதல் 928 வரை என்று இருப்பதை வாங்குங்கள்.

நீர்மட்டத்துக்கு ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி, அதாவது தண்ணீர் புகாத அல்ட்ராசானிக் சென்சார். 20 சென்டிமீட்டருக்குள் இருப்பதை இது அளக்காது. அதனால் தொட்டி நிரம்பும்போது தண்ணீர் தொடும் மட்டத்திலிருந்து ஒரு முழம் மேலே பொருத்துங்கள். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால் எக்கோ பின்னிலும் 5 வோல்ட் வரும். அதை நேராக ஈஎஸ்பி32இல் கொடுக்கக் கூடாது, இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துக் கொடுங்கள்.

அப்புறம் கேட்வே. நோடு பேசுவதைக் கேட்டு இணையத்துக்குத் தள்ளும் பெட்டி இது. இதில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு ஈஎஸ்பி32 வைத்து ஒற்றைச் சேனல் கேட்வே செய்யலாம் என்று பல வீடியோக்கள் சொல்கின்றன. அது லோராவான் தரத்துக்கு உட்பட்டதே அல்ல. நோடு சேனல் மாற்றி மாற்றித்தான் பேசும். ஒரு சேனலில் மட்டும் காது வைத்திருக்கும் பெட்டி பாதிச் செய்திக்கு மேல் தவறவிடும். எட்டுச் சேனல் கேட்கும் எஸ்எக்ஸ்1302 சிப் உள்ள கேட்வேதான் வேண்டும். டிராஜினோ எல்பிஎஸ்8என் போன்ற தயார்ப் பெட்டியும் சரி, ராஸ்பெர்ரி பையின் மேல் கான்சன்ட்ரேட்டர் பலகை (பல சேனல் கேட்கும் ரேடியோ பலகை) வைத்துச் செய்வதும் சரி. எனக்குத் தயார்ப் பெட்டிதான் பிடிக்கும். மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு கெட்டுப்போகும்.

அதிர்வெண் திட்டம்: மூன்று இடத்திலும் ஒன்றாக

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005இல் விதி வந்தது. 2021இல் அது 868 வரை நீண்டது. அனுப்பும் திறன் 1 வாட்டுக்குள் இருக்க வேண்டும். நம் நோடு அனுப்புவது அதில் சிறு பங்குதான். லோராவானில் நம் நாட்டுத் திட்டத்தின் பெயர் ஐஎன்865. எல்லா நோடும் தொடங்கும் மூன்று சேனல்கள் 865.0625, 865.4025, 865.985.

இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவின் ஈயு868இலோ அமெரிக்காவின் யுஎஸ்915இலோ எழுதியவை. நோடின் நிரல், கேட்வேயின் அமைப்பு, இணையத்தில் செய்தியை வாங்கிக்கொள்ளும் சர்வரில் பதியும் பக்கம் ஆகிய மூன்றிலும் ஐஎன்865 என்று மாற்றுங்கள். ஒன்றில் விட்டாலும் ஒன்றுமே வராது, பிழைச் செய்திகூட வராது.

சர்வர்

தி திங்ஸ் நெட்வொர்க்கில் இலவசக் கணக்கு போதும். ஆம்ஸ்டர்டாமில் 2015இல் தொடங்கிய சமூக வலையமைப்பு இது. பதியும்போது ஒரு கிளஸ்டரை, அதாவது எந்தப் பகுதியின் சர்வர் என்பதை, தேர்ந்தெடுக்கச் சொல்லும். கேட்வே, நோடு இரண்டையும் ஒரே கிளஸ்டரில் பதியுங்கள். முதலில் கேட்வேயை இணைத்து, பக்கத்தில் பச்சை வந்த பிறகுதான் நோடு பக்கம் போக வேண்டும். கேட்வேயில் பேசிக் ஸ்டேஷன், யுடிபி பாக்கெட் ஃபார்வர்டர் என்று இரண்டு வழி இருந்தால் பேசிக் ஸ்டேஷனை எடுங்கள். யுடிபி அமைப்பது சுலபம்தான், ஆனால் அதில் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை.

இணையமே இல்லாத இடம் என்றால் சர்ப்ஸ்டாக் என்ற திறந்த மூல சர்வரை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம்.

ஜாயின்: இங்கேதான் நிற்பீர்கள்

என்னை அதிகம் நிறுத்தி வைத்த படி இதுதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நோடு முதலில் "என்னைச் சேர்த்துக்கொள்" என்று ஒரு ஜாயின் ரிக்வெஸ்ட் அனுப்பும். சர்வர் சரிபார்த்து ஜாயின் அக்செப்ட் அனுப்பும். இது நடக்காமல் ஒரு தகவலும் போகாது. இதற்கு மூன்று எண்கள் வேண்டும்: டெவ்ஈயூஐ (நோடின் அடையாள எண்), ஜாயின்ஈயூஐ (சேர்க்கும் சர்வரின் அடையாள எண்), ஆப்கீ (ரகசியச் சாவி). பழைய நிரல்களில் ஜாயின்ஈயூஐக்கு ஆப்ஈயூஐ என்று பெயர் இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

சர்வர் பக்கத்தில் இருக்கும் எண்ணை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் போதும் என்று தோன்றும். எல்எம்ஐசி என்ற லோராவான் நூலகத்தைப் பயன்படுத்தினால் போதாது. அதில் டெவ்ஈயூஐ, ஜாயின்ஈயூஐ இரண்டையும் பைட் பைட்டாகப் பின்னாலிருந்து எழுத வேண்டும். ஆப்கீயை மட்டும் நேராக எழுத வேண்டும். மூன்றையும் நேராகப் போட்டாலும் நடக்காது, மூன்றையும் திருப்பினாலும் நடக்காது. சர்வர் பக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்திலேயே வரிசையைத் திருப்பும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தி நகலெடுங்கள். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ரேடியோலிப் நூலகத்துக்கு வந்துவிடுங்கள். எல்லாமே நேர் வரிசை. புதிதாகத் தொடங்குபவர்கள் ரேடியோலிப்பிலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

இன்னொன்று, பதியும்போது லோராவான் பதிப்பு எது என்று கேட்கும். எல்எம்ஐசி என்றால் 1.0.3. ரேடியோலிப்பின் மாதிரி நிரல் 1.1 பதிப்பை எதிர்பார்க்கும், அதற்கு நெட்வொர்க் கீ என்று நான்காவது எண்ணும் தேவை.

எல்லாம் செய்தும் ஜாயின் ஆகவில்லையா? நிரலை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். சர்வரில் கேட்வேயின் நேரலைப் பக்கத்தை ஒரு ஜன்னலிலும், நோடின் நேரலைப் பக்கத்தை இன்னொன்றிலும் திறந்து வைத்துக்கொண்டு, செய்தி எதுவரை வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

கேட்வே பக்கத்திலேயே ஒன்றும் வரவில்லை என்றால் அதிர்வெண் திட்டமோ ஆன்டெனாவோ தப்பு. கேட்வேயில் வருகிறது, நோடு பக்கத்தில் வரவில்லை என்றால் ஈயூஐ தப்பு, பெரும்பாலும் வரிசை திரும்பியிருக்கும். நோடு பக்கத்துக்கு வந்து எம்ஐசி (செய்தி உண்மையானதா என்று சரிபார்க்கும் குறியீடு) பொருந்தவில்லை என்றால் ஆப்கீயோ பதிப்போ தப்பு. டெவ்நான்ஸ் (ஒவ்வொரு ஜாயின் ரிக்வெஸ்டிலும் மாறும் எண்) பழையது என்று வந்தால், நோடின் நினைவகம் அழிந்து அது எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது; சர்வர் பக்கத்தில் பயன்படுத்திய டெவ்நான்ஸ்களை அழிக்க வழி இருக்கிறது.

கடைசி வகைதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். சர்வர் அக்செப்ட் அனுப்பிவிட்டதாகக் காட்டும், நோடு கேட்கவில்லை என்று சொல்லும். நோடு எப்போதும் காது திறந்திருப்பதில்லை. ரிக்வெஸ்ட் அனுப்பிய 5ஆவது நொடியில் அதே சேனலில் சற்று நேரம் கேட்கும். கிடைக்காவிட்டால் 6ஆவது நொடியில் 866.55 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். அவ்வளவுதான். நோடின் கடிகாரம் சிறிது பிசகினாலும் பதில் காற்றோடு போய்விடும். எல்எம்ஐசியில் கடிகாரப் பிழைக்கு இடம் விடும் அமைப்பு இருக்கிறது, 1 சதவீதம் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் வேறொன்று செய்யுங்கள்: நோடைக் கேட்வேக்குப் பக்கத்தில், ஒரே மேசையில் வைத்திருந்தால் அடுத்த அறைக்குக் கொண்டுபோங்கள். மிக அருகில் இருந்தால் சிக்னல் ரிசீவரைத் திணறடிக்கும், பக்கத்துச் சேனல்களிலும் பொய்யாகத் தெரியும்.

எவ்வளவு அனுப்பலாம்

"தண்ணீர் 120 செ.மீ." என்று எழுத்தாக அனுப்பாதீர்கள். தூரம் மில்லிமீட்டரில் 2 பைட், பேட்டரி மில்லிவோல்ட்டில் 2 பைட், நிலைக்கு 1 பைட், ஆக 5 பைட் போதும். லோராவானின் சொந்தச் சுமை 13 பைட் சேர்ந்து 18 ஆகும்.

லோராவின் வேகத்தைக் குறிக்கும் எண் எஸ்எஃப் (ஸ்பிரெடிங் ஃபேக்டர்). இந்த 18 பைட் வேகமான எஸ்எஃப்7இல் காற்றில் இருப்பது சுமார் 51 மில்லி நொடி. மிக மெதுவான, ஆனால் மிகத் தூரம் போகும் எஸ்எஃப்12இல் அதே செய்திக்கு 1.3 நொடி ஆகிறது. தி திங்ஸ் நெட்வொர்க்கின் நியாயப் பயன்பாட்டு விதி ஒரு நோடுக்கு நாளைக்கு 30 நொடி ஏர்டைம் தருகிறது. எஸ்எஃப்12இல் அது 22 செய்தி, அதாவது மணிக்கு ஒன்றுகூடத் தேறாது. எஸ்எஃப்7இல் 580 செய்தி. அதனால் தூரம் வேண்டும் என்று நிரலில் எஸ்எஃப்12ஐப் பூட்டி வைக்காதீர்கள். நோடு நகராமல் ஒரே இடத்தில் இருப்பதால் ஏடிஆரை இயக்கிவிடுங்கள். எந்த வேகம் போதும் என்று சர்வரே முடிவு செய்யும். தொட்டிக்கு 15 நிமிடத்துக்கு ஒரு செய்தி தாராளம்.

ஒவ்வொரு செய்திக்கும் "கிடைத்தது" என்று பதில் கேட்கும் வகையும் வேண்டாம். நாளைக்கு 10 பதில்தான் அனுமதி. மேலும் கேட்வே பேசும் நேரத்தில் அதற்குக் காது கேட்காது, மற்ற நோடுகளின் செய்தி தொலையும்.

ஆன்டெனா

ஆன்டெனா மாட்டாமல் நோடுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், ரேடியோ எரிந்துபோக வாய்ப்பு உண்டு. வாங்கும்போது எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ இரண்டையும் கலக்காதீர்கள். திருகினால் ஒன்றுக்குள் ஒன்று அழகாகப் பொருந்தும், ஆனால் நடுவில் ஊசி தொடாது.

கேட்வேயை வீட்டுக்குள் வைத்து, மெல்லிய கேபிளை மாடிக்கு இழுத்து ஆன்டெனா வைப்பதுதான் எல்லாரும் செய்வது. ஆர்ஜி174 கேபிள் இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும். 10 மீட்டர் இழுத்தால் பத்தில் ஒரு பங்கு சிக்னல்தான் மிஞ்சும். கேட்வேயையே மழை படாத பெட்டியில் மாடிக்கு ஏற்றி, ஆன்டெனாவுக்கு மிகக் குறைந்த கேபிள் விட்டு, கீழே ஈதர்நெட் கேபிளை இறக்குங்கள்.

உயரம்தான் தூரத்தைத் தருகிறது. 2017இல் ஒரு பலூனில் வைத்த லோரா கருவி வெறும் 25 மில்லிவாட்டில் 702 கிலோமீட்டர் எட்டியது. அது 38 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது, நடுவில் மறைப்பே இல்லை. நம் தோப்பில் ஈர மட்டைகள் சிக்னலைக் குடிக்கும், மழை நாளில் எண்கள் இறங்குவது நேரலைப் பக்கத்திலேயே தெரியும். எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவு) மைனஸில் வந்தால் பயப்பட வேண்டாம். எஸ்எஃப்12இல் -20 வரை லோரா படித்துவிடும்.

பேட்டரி

பேட்டரியைத் தின்பது ரேடியோ இல்லை, தூங்கும்போது ஒழுகும் மின்சாரமும் சென்சாரும்தான். சென்சாருக்கு ஒரு மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாக மின்சாரம் கொடுத்து, அளக்கும் நேரத்தில் மட்டும் இயக்குங்கள். வெயிலில் கொதிக்கும் தொட்டி மேலே எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிதான் என் தேர்வு, சாதாரண 18650 லித்தியம் அயன் பேட்டரியை விட சூட்டைத் தாங்கும்.

இற்றை 1: நோடு ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் புதிதாக ஜாயின் ஆகிறது என்று பலர் எழுதினார்கள். ஆழ்தூக்கத்தில் ஈஎஸ்பி32 எல்லாவற்றையும் மறந்துவிடும். ஜாயின் ஆன விவரங்களை தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்திலும், நான்ஸ்களை ஃபிளாஷிலும் சேமித்து வையுங்கள். ரேடியோலிப்பில் இதற்கென்றே மாதிரி நிரல் இருக்கிறது.

இற்றை 2: சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கேட்டவர்களுக்கு: உங்களுக்கு ஐஎன்865 பொருந்தாது, ஏஎஸ்923. நோடு 863 முதல் 928 வகை என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். கேட்வேயை மட்டும் ஏஎஸ்923 வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஐஎன்865க்கு வந்த பெட்டியில் உள்ள ஃபில்டர் அந்த அதிர்வெண்ணைச் சரியாக விடாது.