பென்சிலோடு ஒரு கதை: கந்தசாமிப் பிள்ளையைப் படிப்பது எப்படி?

அக்கா மகள் மார்த்தாண்டத்தில் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். போன மாதம் தக்கலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைக் காட்டி, "சித்தி, கடவுளைக் கிண்டல் பண்ணியிருக்காரு. இதுக்கு மேல என்ன எழுத?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1943இல் கலைமகள் இதழில் வந்த கதை இது. பூலோகத்துக்கு வந்த கடவுள், சென்னையில் கந்தசாமிப் பிள்ளை என்பவரின் வீட்டில் விருந்தாளியாகத் தங்குகிறார். ஆசிரியரின் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்செடுத்துக்கொண்டால் நல்லது, கோடு போட வேண்டியிருக்கும். நம் நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் முதல் கதை வெளிவந்ததே 1951இல் வந்த புதுமைப்பித்தன் நினைவு மலரில்தான். அந்த உறவு இருப்பதால் எனக்கு இவர்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

முதல் வாசிப்பு

பென்சிலைத் தொடாதீர்கள். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாம் வாசிப்பு: காசைத் தேடுங்கள்

காசு பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். கந்தசாமிப் பிள்ளையின் குணம் அங்கேதான் இருக்கிறது.

கதை தொடங்கும்போது அவர் சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில் நிற்கிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றினால் அரை கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. நாகர்கோவில் மணிமேடை ஜங்ஷனில் நின்று, வடசேரிக்கு பஸ்ஸில் போவதா நடப்பதா என்று யோசிக்கிற ஆளை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

இந்தக் கணக்குக்கு ஆசிரியர் கொடுக்கும் பெயர் 'தர்ம விசாரம்', அதாவது எது தர்மம் என்கிற ஆராய்ச்சி. அங்கே நிறுத்துங்கள். காலணா விவகாரத்துக்கு அவ்வளவு பெரிய சொல் எதற்கு? சொல்லுக்கும் விஷயத்துக்கும் நடுவே விழுகிற இந்த இடைவெளியைத்தான் முரண்நகை என்கிறோம். சரி, சிரித்தாயிற்று. இப்போது அதே வரியை இன்னொரு முறை படியுங்கள். கண்டக்டரை ஏமாற்றுவது தர்மமா என்று அவர் நிஜமாகவே யோசிக்கிறார். கையில் காசில்லாதவனுக்குக் காலணாவும் தர்ம சங்கடம்தான். முதலில் அவரைப் பார்த்துச் சிரித்த நாம், இரண்டாம் தடவை அவர் பக்கத்தில் போய் நிற்கிறோம். நல்ல முரண்நகை இப்படித்தான் இரண்டு தடவை வேலை செய்யும்.

வேண்டாம் என்று சொல்லும் இடம்

ஒரு பாத்திரம் எதைக் கேட்கிறது என்பதோடு எதை மறுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடவுள் புலித்தோலும் சடையுமாகத் தரிசனம் கொடுக்கும்போது, வரம் கொடுக்கிற வித்தையெல்லாம் தன்னிடம் செல்லாது என்கிறார் பிள்ளை. தன்னோடு பழக வேண்டுமானால் மனுஷனைப் போல நடந்துகொள்ளச் சொல்கிறார். அரை கப் காப்பிக்குக் கணக்குப் பார்த்த அதே ஆள்!

ஆனால் தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா (ஆயுள் சந்தா) மட்டும் கேட்கிறார். வரம் வேண்டாம், சந்தா வேண்டும். ஏன்? என் மகள் (அக்கா மகளைச் சொல்கிறேன்) அரை மணி நேரம் யோசித்தாள். "சந்தா கொடுத்தா அவரு பத்திரிகை அனுப்புவாரு. கடன் இல்லல்லா, சித்தி" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

யாருக்கு எது தெரியும்?

ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் பாத்திரத்துக்குத் தெரிந்ததையும் மறுபக்கம் நமக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள். கதையில் திவான் பகதூர் பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதர் முன்னால் கடவுளே ஆடுகிறார். திவான் பகதூருக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லை. ஆடுவது யார் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் மகா சிவராத்திரிக்குத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களுக்கு ஓடுவார்கள். அவற்றில் ஒன்றான கல்குளத்துக்கு ஓடி வருகிறவர்களைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சிவனே வடசேரி பஸ் ஸ்டாண்டில் என்னிடம் வழி கேட்டால் நின்று பதில் சொல்வேனா? இந்தக் கேள்வி வந்த பிறகு திவான் பகதூரைப் பார்த்து முன்போலச் சிரிக்க முடியவில்லை.

கடைசிப் பக்கம்

எட்ட நின்று வரம் கொடுக்கலாம், உடனிருந்து வாழ முடியாது என்று சொல்லிவிட்டுக் கடவுள் போய்விடுகிறார். பிள்ளையும் விடவில்லை, சூடாகப் பதில் கொடுக்கிறார். யார் சொல்வது நியாயம்? அவசரப்படாமல் இரண்டு பக்கத்துக்கும் இரண்டிரண்டு வரி எழுதிப் பாருங்கள். கிண்டல் கடவுளுக்கு மட்டும்தானா என்பது அப்போது தெரியும்.

அப்புறம், மேஜைமேல் கிடக்கும் 25 ரூபாயைப் பிள்ளை கணக்கில் வரவு வைக்கிறார். கடவுளைத் தாத்தா என்று கூப்பிடும் பிள்ளையின் பெண் குழந்தை ஓடி வந்து, தாத்தா ஊருக்குப் போயாச்சா என்று கேட்கிறாள். கதை முடிகிறது.

அக்கா மகள் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்: "இவள் மட்டும் அவரிடம் வரமும் கேட்கவில்லை, சந்தாவும் கேட்கவில்லை."