அடுப்புல டக்குனு சத்தம் வருது, பொறி மட்டும் வரல: நான் சரி பண்ண கதை

எங்க வீட்டு ஆட்டோ இக்னிஷன் அடுப்புல ஒரு வாரமா நாபைத் திருப்புனா டக்குனு சத்தம் மட்டும் வரும், தீ பத்திக்காது. பாத்த மெக்கானிக் செட்டையே மாத்தணும்னாரு, எனக்கு மனசு வரல, இதுல பேட்டரி கூட கிடையாதே, என்ன தீர்ந்து போயிருக்கும்? உள்ள இருக்குறது பீசோ செராமிக், கல்லுன்னுதான் சொல்லுவாங்க. ஸ்பிரிங் சுத்தியல் ஒண்ணு அது மேல ஓங்கி அடிக்கும், அந்த அழுத்தத்துல உள்ள இருக்குற பிளஸ் மைனஸ் சார்ஜ் லேசா இடம் மாறி சில ஆயிரம் வோல்ட் வந்துடும், கரண்ட் என்னவோ துளியூண்டுதான். 1880ல கியூரி அண்ணன் தம்பி கண்டுபிடிச்ச சமாச்சாரம்.

இதையே தலைகீழா, கரண்ட் குடுத்தா கல்லு நெளியும். சுவர்க் கடிகாரத்துல குவார்ட்ஸ் கல்லு நொடிக்கு 32,768 தடவை அதிருறது அப்படித்தான்.

சரின்னு ரெகுலேட்டரை ஆஃப் பண்ணி, ஜன்னலெல்லாம் திறந்து வச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு லைட்டை அணைச்சுட்டு திருப்பிப் பாத்தா, பர்னர்கிட்ட வர வேண்டிய நீலப் பொறி அடியில ஒயர்லேர்ந்து தகரத்துக்குத் தாவுது! சூட்டுல ஒயர் உறை விரிசல் விட்டிருக்கு, அவ்வளவு வோல்ட்டுக்கு அது போதாதா. சூடு தாங்குற சிலிக்கோன் உறை ஒயர் வாங்கி மாத்துனேன். பர்னர் பக்கத்துல பொறி விடுற ஊசி முனையில பால் பொங்கின கறை வேற, பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு நல்லா காய விட்டேன், ஈரம் இருந்தாலும் பொறி வராது. பர்னருக்கும் ஊசிக்கும் 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். இப்போ முதல் திருப்புலயே பத்திக்குது.