ஷட்டில் கிளப்புக்கு ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகள் வரும்போது

தகரக் கூரைக்கு அடியில் விசில் அடித்தால் காதில் குத்தும். தன் முறை எப்போது வரும் என்று தெரியாமல் நிற்பது அதைவிடக் கொடுமை. ஆட்டிசமோ (பழகும் விதமும் சத்தம், தொடுதலை உணரும் விதமும் வேறுபடும் நிலை) ஏடிஹெச்டியோ (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு மிகுந்த நிலை) உள்ள பதின்வயதுப் பிள்ளைகள் ஆட்டம் பிடித்திருந்தும் இவற்றால் கிளப்பை விட்டு நின்றுவிடலாம். இரண்டையும் பைசா செலவில்லாமல் மாற்றலாம்.

சேரும் முன் ஒரு நாள், கோர்ட் காலியாக இருக்கும் நேரத்தில் 20 நிமிடம் வரச் சொல்லுங்கள். தண்ணீர், கழிப்பறை, தனியாகப் போய் உட்கார ஓர் இடம், மூன்றையும் காட்டுங்கள். அப்பா அம்மாவிடம் மட்டும் பேசாமல் பிள்ளையிடமே கேளுங்கள்: எந்தச் சத்தம் தாங்காது? கையைப் பிடித்துத் திருத்தலாமா? மருத்துவச் சான்று கேட்காதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, ஏடிஹெச்டி பெயர் சொல்லி இல்லை. சான்றை நிபந்தனையாக்கினால் உதவி தேவைப்படும் பலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். சொன்ன விவரம் கோச்சோடு நிற்கட்டும், வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

விசிலுக்குப் பதில் கையைத் தூக்குங்கள். அன்றைய ஒரு மணி நேரத்தையும் பலகையில் எழுதி, முடிந்ததை அழித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 நிமிடம் முன்னால் ஒரு முறை, 1 நிமிடம் முன்னால் ஒரு முறை சொல்லுங்கள்.

காத்திருப்புதான் பெரிய சிக்கல். ஒரு கோர்ட்டில் 8 பேர் என்றால் இரட்டையர் ஆட்டத்தில் 4 பேர் சும்மா நிற்பார்கள். 21 புள்ளி முடியும்வரை நிற்கவைக்காமல், கடிகாரம் வைத்து 5 நிமிட ஆட்டமாக மாற்றுங்கள். வெளியே இருப்பவர்களில் இருவர் சுவரில் அடித்துப் பழகட்டும், ஒருவர் ஸ்கோர் எழுதட்டும், ஒருவர் இறகுப்பந்து பொறுக்கட்டும்.

"கவனமா ஆடு" என்றால் என்ன செய்வது என்று யாருக்கும் புரியாது. "பேட்டைத் தோளுக்கு மேல வை" என்றால் புரியும். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, முதலில் செய்துகாட்டி, பிறகு சொல்லுங்கள். பதில் வராவிட்டால் 10 விநாடி பொறுத்து, அதே சொற்களைச் சொல்லுங்கள். வேறு மாதிரி சொன்னால் மறுபடி முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். கண்ணைப் பார்த்துக் கேட்கச் சொல்லாதீர்கள். கை, கண் ஒத்துழைக்கச் சிரமப்படுபவருக்குப் பலூனில் தொடங்கி, பச்சை வளையம் உள்ள மெதுவான நைலான் பந்துக்கு மாறலாம்.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு அழக்கூடும், கத்தக்கூடும். அப்போது கேள்வி கேட்டால் அது இன்னும் அதிகமாகும், சுற்றி நின்றாலும் அதிகமாகும். மற்றவர்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, ஒரே ஒரு பெரியவர் நாலடி தள்ளிப் பேசாமல் உட்காரட்டும். அடங்கியதும் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள். அதனாலேயே அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராமல் போகலாம்.

அணி பிரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல், கோச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கட்டும். மழையால் பயிற்சி இல்லை என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே, அடுத்த பயிற்சி எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்தே செய்தி அனுப்புங்கள்.