பைடார்ச் 2.6-இல் திறக்க மறுத்த மாதிரிக் கோப்பு

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை உருவாக்க உதவும் பைத்தான் நூலகமான பைடார்ச்சை 2.6-க்கு உயர்த்திய மறுநாள், அதுவரை தொல்லை தராத எங்கள் மாதிரிக் கோப்பு, அன்பிக்ளிங் (சேமித்ததை மீட்டெடுத்தல்) பிழை காட்டித் திறக்க மறுத்தது. கோப்பு சிதைந்திருக்கும் என்று எண்ணிக் உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பைக் காப்புப் பிரதியின் மதிப்போடு ஒப்பிட்டேன்; வேறுபாடு இல்லை.

2.6 முதல், கோப்பைத் திறக்கும் டார்ச்.லோட் செயற்கூறில், எடைகள் (மாதிரி கற்ற எண்கள்) போன்ற எளிய தரவை மட்டும் ஏற்கச் சொல்லும் வெயிட்ஸ்_ஒன்லி என்ற அமைப்பு இயல்பாகவே ட்ரூ (ஆம்). அதை ஃபால்ஸ் (இல்லை) ஆக்கினால் கோப்பு திறந்துவிடும். ஆனால் அக்கோப்பின் சேமிப்பு வடிவமான பிக்கிள் வெறும் தரவு அன்று, திறக்கும்போதே எந்தச் செயற்கூறையும் அழைக்கவைக்கும் கட்டளைகளைத் தாங்கக்கூடியது என்பதால், பலர் கைமாறிய கோப்பை எங்கள் சர்வரில் அவ்வாறு திறக்க நான் உடன்படவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்புவதும் தீர்வன்று: 2.5.1 வரை, ட்ரூ என்று கொடுத்தாலும் தீய நிரல் இயங்க இடமளித்த சிவிஇ-2025-32434 என்னும் பாதுகாப்பு ஓட்டை 2.6-இல்தான் அடைக்கப்பட்டது.

மூன்றாம் நாள்தான் பிழைச்செய்தியை முழுவதும் படித்தேன். அது எடைகளைக் குறிப்பிடவே இல்லை, எண் கணக்கீட்டு நூலகமான நம்பையைச் சேர்ந்த நம்பை.கோர்.மல்டிஅரே.ஸ்கேலார் என்ற பெயரையே சுட்டியது. எடைகளோடு சேர்த்துச் சேமித்த இழப்பு மதிப்பு (பயிற்சியில் மாதிரியின் பிழையளவு), சாதாரணப் பைத்தான் எண்ணாக இல்லாமல் நம்பை எண்ணாக இருந்ததே காரணம். அப்பெயரை, ட்ரூ நிலையிலும் ஏற்கப்படும் பெயர்களின் அனுமதிப் பட்டியலில் சேர்த்தபோது, அடுத்து நம்பை.டிடைப் வேண்டும் என்றது. பட்டியலை இப்படி நீட்டிக்கொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இறுதியில், இணைய இணைப்பற்ற தற்காலிக கன்டெய்னரில் (தனிமைப்படுத்திய இயக்கச் சூழலில்) ஒருமுறை மட்டும் ஃபால்ஸ் கொடுத்துத் திறந்து, அம்மதிப்பைச் சாதாரணப் பைத்தான் தசம எண்ணான ஃப்ளோட் ஆக மாற்றி, மீண்டும் சேமித்துவிட்டு கன்டெய்னரை அழித்தேன். புதிய கோப்பு ட்ரூ நிலையிலேயே திறந்தது, பெரும் நிம்மதி. அதே ஃப்ளோட் மாற்றத்தைப் பயிற்சி நிரலிலும் சேர்த்துவிட்டேன்.