கடலடி மர்மப் பொருள்: சோனார் படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலடியை ஒலியால் படம் பிடிக்கும் சைடு ஸ்கேன் சோனார் தரவு பார்க்கும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடமிருந்து முதல் மாதம் முடிவதற்குள் எப்படியும் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்துவிடும். நடுவில் சிவப்பு வட்டம். கீழே, "அண்ணே, இது என்ன, பறக்கும் தட்டு மாதிரி இருக்கு?" நானும் அந்த வயதில் அப்படி அனுப்பியவன்தான், அதனால் அவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் ஒவ்வொரு புதுக் கூட்டமும் அதே பள்ளத்தில் போய் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்குப் பதில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

போட்டோஷாப் படம், எங்கே எப்போது எடுத்தது என்றே தெரியாத வீடியோ, இதையெல்லாம் இங்கே தொடப்போவதில்லை. அவற்றை நம்புகிறவர் இதுவரை படித்ததே அதிகம்.

ஒரே லைன் ஓட்டிவிட்டுக் கிளம்புவது

லைன் என்றால் படகு நேர்கோட்டில் ஒருமுறை போய் அளப்பது. மற்ற தவறுகளில் மானம் மட்டும்தான் போகும். இதில் பணமும் போகும். எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

சோனார் படத்தைப் புகைப்படம் என்று நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. படகுக்குப் பின்னால் கேபிளில் இழுத்துப்போகும் ஃபிஷ் என்ற கருவி இரண்டு பக்கமும் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. ஒரு பிங்குக்கு, அதாவது ஒருமுறை அனுப்பும் ஒலிக்கு, ஒரு கோடு. கோடுகளை அடுத்தடுத்து அடுக்கினால் படம். ஆக, படத்தின் அகலம் ஒலி போய்வந்த நேரத்திலிருந்து வருகிறது, நீளமோ படகின் வேகத்திலிருந்து வருகிறது. மென்பொருளில் வேகம் 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) என்று போட்டுவிட்டு, எதிர் நீரோட்டத்தில் படகு 3 நாட்டில் போனால், கீழே கிடக்கும் பொருள் படகு போகும் திசையில் மூன்றில் ஒரு பங்கு நீண்டு தெரியும். குறுக்கே 30 மீட்டரும் நெடுக்கே 22 மீட்டரும் உள்ள ஒரு கோணல் பாறை, திரையில் அச்சில் வார்த்த வட்டமாகிவிடும். அப்புறம், "இவ்வளவு சரியான வட்டம் இயற்கையில் எப்படி வரும்?" என்று கேட்பார்கள்.

நிழலிலும் இதே தொல்லை. சாயங்கால வெயிலில் குள்ளமான ஆளுக்கும் நெடிய நிழல் விழும் அல்லவா? ஃபிஷ் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் உயரக் கல்லின் நிழல் முனை 50 மீட்டர் தூரத்தில் இருந்தால் நிழல் 5 மீட்டர். அதே கல் இன்னும் தள்ளிக் கிடந்து நிழல் முனை 100 மீட்டரில் விழுந்தால் நிழல் 10 மீட்டர். நிழலின் நீளத்தை ஃபிஷ்ஷின் உயரத்தால் பெருக்கி, நிழல் முனை வரையுள்ள தூரத்தால் வகுத்தால் பொருளின் உயரம் வந்துவிடும். ஒரு நிமிடக் கணக்கு. அதைப் போடாமல் "கோபுரம்" என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மருந்து இன்னொரு லைன். முதல் லைனுக்குக் குறுக்கே 90 டிகிரியில் ஒன்று, முடிந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒன்று. பொருள் நிஜமாகவே இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கும், நிழல் மட்டும் பக்கம் மாறும். கருவியின் கோளாறு என்றால் காணாமல் போகும், அல்லது நம் படகு திரும்பிய பக்கமே தானும் திரும்பும்.

பால்டிக் கடல் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். 2011 ஜூனில் பீட்டர் லிண்ட்பெர்க், டென்னிஸ் ஆஸ்பெர்க் இருவரின் ஓஷன் எக்ஸ் குழு, மூழ்கிய கப்பல்களைத் தேடிப் போனபோது சுமார் 60 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டமும், அதன் பின்னால் இழுபட்ட தடம் போன்ற ஒன்றும் சோனாரில் பதிந்தன. அந்தப் படம் உலகம் முழுக்கப் போய் விண்கலமாகிவிட்டது. மறு ஆண்டுதான் முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த கற்களைப் பார்த்த ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக நிலவியலாளர் ஃபோல்கர் ப்ரூக்கெர்ட், பெரும்பாலானவை கிரானைட், நைஸ், மணற்கல் என்றார். எரிமலைப் பாறையான பசால்ட் துண்டு ஒன்றும் இருந்தது. பனியுக முடிவில் பனிப்பாளங்கள் வாரி இழுத்துக் கொட்டிய கற்கள் அந்தக் கடலடி முழுக்கக் கிடக்கின்றன. கற்களைப் பற்றிய செய்தியை எத்தனை பேர் படித்தார்கள்? முதல் படம் மட்டும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதைவிடச் செலவு பிடித்த கதை அமெரிக்கப் பெண் விமானி அமீலியா ஏர்ஹார்ட்டின் விமானம். 1937 ஜூலையில் பசிபிக்கின் ஹவ்லண்ட் தீவை நோக்கிப் பறந்து காணாமல் போன லாக்ஹீட் எலக்ட்ரா. டீப் சீ விஷன் என்ற அமெரிக்க நிறுவனம் தானியங்கி நீர்மூழ்கியை விட்டு 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் துழாவியது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்தில் விமானம் போலவே ஒரு மங்கலான உருவம் பதிந்தது. 2024 ஜனவரியில் படத்தை வெளியிட்டார்கள். எலக்ட்ராவின் இறக்கை இப்படிப் பின்னோக்கிச் சாய்ந்திருக்காதே என்று அப்போதே சிலர் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்நிறுவனமே அறிவித்தது, அது பாறை என்று. திரும்பிப் போய்ப் பார்த்ததையும், பார்த்ததை மறைக்காமல் சொன்னதையும் பாராட்டுவேன். ஆனால் பார்த்த பிறகு அறிவித்திருக்கலாமே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வேலையில் இது சின்ன அளவில் அடிக்கடி நடக்கும். கேபிள் பதிக்கும் பாதைக்கான ஒரு சர்வே. இரவு ஷிஃப்டில் இருந்த பையன் படத்தில் செங்கோணமாக ஒரு விளிம்பைப் பார்த்தான். குறித்துவைத்தான், அதுவரை சரி. கப்பல் அடுத்த லைனுக்குப் போய்விட்டது, அவன் யாரையும் எழுப்பவில்லை. கவனிக்க வேண்டிய பொருள்களைக் குறிக்கும் டார்கெட் பட்டியலில் "மனிதர் கட்டியதாகத் தோன்றுகிறது" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக வாடிக்கையாளர் படகைத் திருப்பி அனுப்பி, கடல் அடங்கும்வரை காத்திருந்து, கேமரா இறக்கிப் பார்த்தார். விரிசல் வழியே நேர்கோட்டில் உடைந்த சாதாரணப் பாறைத் திட்டு. அன்றைக்கு இரவே குறுக்கே ஒரு லைன் ஓட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். ஆளை எழுப்புங்கள், திட்டினால் திட்டட்டும்.

கூகுள் எர்த்தில் நகரம் கண்டுபிடிப்பது

அங்கே கடலடியில் நேர்கோடுகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் சர்வே கப்பல்கள் அளந்துகொண்டு போன தடங்கள். 2009இல் கேனரி தீவுகளுக்கு அப்பால் அட்லாண்டிஸ் நகரத் தெருக்கள் என்று கொண்டாடியது இதைத்தான், கூகுளே விளக்கம் கொடுத்தது. உலகக் கடலடியில் சோனாரால் முறையாக அளந்தது கால் பங்குக்குச் சற்று மேல்தான். மீதியெல்லாம் செயற்கைக்கோள் அளவீட்டிலிருந்து ஊகித்து நிரப்பியது. அளந்த பட்டையும் ஊகித்த பரப்பும் சேரும் இடத்தில் தையல் தெரியத்தான் செய்யும்.

சத்தத்தைக் கேட்டு உருவம் வரைவது

1997இல் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா பசிபிக்கில் பதிவு செய்த 'புளூப்' ஒலி, 5,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்டது. ராட்சதப் பிராணி என்று கதை கட்டினார்கள். கடைசியில் அன்டார்க்டிகா பக்கத்துப் பனிப்பாளம் உடைந்த ஓசை.

எனக்குப் பிடித்தது ஸ்வீடன் கதை. 1981இல் சோவியத் நீர்மூழ்கி யூ-137 ஸ்வீடன் கடற்படைத் தளமான கார்ல்ஸ்க்ரோனா அருகே பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது. அது நிஜம். அதன் பிறகு கடற்படையின் காதுக்கு எல்லாமே நீர்மூழ்கியாகக் கேட்டது. ஒரு குறிப்பிட்ட சடசட ஒலியைப் பல ஆண்டுகள் துரத்தினார்கள். கடைசியில் மேக்னஸ் வால்பெர்க், ஹோகான் வெஸ்டர்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்களைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தபோது விஷயம் உடைந்தது: ஹெர்ரிங் மீன் கூட்டம் பின்பக்கமாகக் காற்று விடும் சத்தம். நம் மத்திக்கு உறவுக்கார மீன்தான். ஆய்வாளர்களுக்கு 2004இல், சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் கிடைத்தது. கடலில் இருப்பவை உயிருள்ளவை என்பதைக் கருவி பார்க்கிறவர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். 1964இல் எல்டானின் என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பலின் கேமரா, தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னுக்கு மேற்கே 3,904 மீட்டர் ஆழத்தில் எடுத்த 'ஆன்டெனா' படமும் அப்படித்தான். அது கடற்பஞ்சு, 19ஆம் நூற்றாண்டிலேயே பெயர் வைக்கப்பட்ட இனம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சோனாரில் தெரிந்த 'பொய்த் தரை' இரவானால் மேலே ஏறிவந்தது. அது மீனும் கணவாயும் இறாலும் சேர்ந்த கூட்டம்.

திரையில் மறைந்தால் நீரில் மூழ்கியது என்பது

2019இல் அமெரிக்கக் கடற்படையின் யூஎஸ்எஸ் ஒமாஹா கப்பலில் எடுத்த வீடியோவில், கடலுக்கு மேல் தெரியும் ஒரு உருண்டை மறைகிறது. அதற்கு மேல் அந்த வீடியோவிலிருந்து எதையும் சொல்லாதீர்கள்.

"யாராலும் விளக்க முடியவில்லை"

எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?

கரை ஒதுங்கியதைத் தொடுவது

தொடாதீர்கள். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு உருளை ஒதுங்கியது. 2014இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370இன் பாகம் என்றுகூடப் பேசினார்கள். அது நம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் நிலையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய விண்வெளி முகமை சொன்னது. ராக்கெட் பாகத்தில் என்ன மிச்சம் இருக்கும் என்று தெரியாது. தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள், செல்ஃபி அப்புறம்.

ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது

சோனாரின் மூலத் தரவு இருக்கும் எக்ஸ்டிஎஃப் கோப்பை அப்படியே அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் படகின் வேகமும் இல்லை, ஃபிஷ்ஷின் உயரமும் இல்லை, ஒலி எவ்வளவு தூரம் வரை பார்த்தது என்ற ரேஞ்சும் இல்லை. கூடவே லைன் எண், அன்றைய கடல் நிலை, பக்கத்து லைனின் கோப்பு. குறுக்கு லைன் இருந்தால் அதுவும். சிவப்பு வட்டம் வேண்டாம், எங்கே பார்ப்பது என்று நானே தேடிக்கொள்கிறேன்.