மூச்சுப் பட்டை காட்டும் எண்ணை நம்புவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிளை ட்ரெயினரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில்) மாட்டி, 180 வாட் சக்தியில் நிதானமாக மிதித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுப் பட்டை அனுப்பும் எண் திரையில் 70-ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. அதாவது நிமிடத்துக்கு 70 லிட்டர் காற்று. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் முன்னால் குனிந்து முழங்கைகளை ஊன்றினேன். அரை நிமிடத்தில் எண் 55-க்கு இறங்கிவிட்டது. வாட் அதேதான், இதயத் துடிப்பு அதேதான், மூச்சு இரைப்பும் குறையவில்லை. குனிந்தால் 15 லிட்டர் மிச்சமாகிறதே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டதை இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

பட்டை காற்றை அளப்பதில்லை. ஆய்வகத்தில் முகமூடி மாட்டிச் செய்யும் சோதனையில் மூச்சு ஒரு அளவி வழியாகப் போய் வருகிறது. அங்கே அளக்கப்படுவது காற்றேதான். நம் பட்டை அளப்பது உடம்பின் விரிவை. அதை வைத்து, இவ்வளவு காற்று போயிருக்கும் என்று மென்பொருள் கணக்குப் போடுகிறது. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கி வயிறு முன்னால் தள்ளும், விலா எலும்புகள் எழும்பி நெஞ்சு அகலும். இந்த இரண்டு அசைவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உள்ளே போன காற்றின் அளவை மதிப்பிட முடியும் என்று 1967-இல் கொன்னோ, மீட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நெஞ்சுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என இரட்டைப் பட்டை வைத்த கருவிகள் அந்த வழியில் வந்தவை. ஒற்றைப் பட்டைக்குப் பாதிக் கதைதான் தெரியும். நான் குனிந்ததும் நெஞ்சும் வயிறும் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட விதம் மாறியது. பட்டை தன் பங்கில் குறைந்ததை மட்டும் சொன்னது.

ஆகவே நிமிர்ந்து ஓட்டிய நாளையும் குனிந்து ஓட்டிய நாளையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். ஓட்டத்தையும் சைக்கிளையும் ஒப்பிடுவதும் அதே தவறுதான். எந்த நிலையில் பயிற்சி செய்யப் போகிறீர்களோ அந்த நிலையிலேயே அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கட்டும் விதம். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான். ஒரு நாள் இறுக்கி, ஒரு நாள் தளர்த்திக் கட்டினால் அடிப்படையே மாறிவிடும். நான் பட்டையின் கொக்கி நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூச்சை வெளியே விட்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டுக்கே இழுத்து மாட்டுகிறேன். நீண்ட ஓட்டத்தில் வியர்வையில் பட்டை மெல்லக் கீழே நழுவும். கடைசி அரை மணி நேரத்தில் மூச்சு திடீரென்று 'குறைந்திருந்தால்' முதலில் பட்டை எங்கே நிற்கிறது என்று தொட்டுப் பாருங்கள்.

எண் நம்பத் தகுந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 16 முறை, ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் அளவில் மூச்சு விடுகிறோம். ஆக 6 முதல் 8 லிட்டர். நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதே கருவி 20 லிட்டர் காட்டினால், மலையேற்றத்தில் அது காட்டப்போகும் எண்ணை நம்பிப் பயனில்லை. கடும் முயற்சியில் 100 லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். பெரிய உடல்வாகு கொண்ட துடுப்புப் படகு வீரர்கள் 200-ஐத் தாண்டுவார்கள். இதனாலேயே நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

'என் வாட்ச்சே மூச்சைக் காட்டுகிறதே' என்பார்கள். அது பெரும்பாலும் மூச்சின் வேகம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது மட்டும்தான். மூச்சுக்கு ஏற்ப இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் லேசாகக் கூடிக் குறையும்; அதை வைத்துப் பல கருவிகள் ஊகிக்கின்றன. கடினமாக உழைக்கும்போது அந்த ஏற்றத்தாழ்வே சுருங்கிவிடுவதால், நமக்கு மிகவும் தேவையான நேரத்தில் ஊகம் பலவீனமாகிறது. சரி, வேகம் துல்லியமாகவே கிடைத்தாலும் ஆழம் தெரிய வேண்டுமே. 30 முறை 2 லிட்டர் என்றாலும் 60 லிட்டர்தான், 60 முறை 1 லிட்டர் என்றாலும் 60 லிட்டர்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி, நுரையீரலின் காற்றறைகளை எட்டாமல் குழாய்களிலேயே நின்றுவிடும். முதல் ஆளுக்கு 55.5 லிட்டர் பயன்படுகிறது, இரண்டாம் ஆளுக்கு 51 தான். மேலும், முயற்சி கூடும்போது முதலில் கூடுவது பெரும்பாலும் ஆழம். அது ஓரளவில் நின்ற பிறகுதான் வேகம் பாய்கிறது. வேகத்தை மட்டும் பார்ப்பவர் முதல் திருப்பத்தைத் தவறவிட வாய்ப்பு அதிகம். ஓடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மூச்சு காலடியோடு பிணைந்துகொள்ளும். நிமிடத்துக்கு 180 அடி வைத்து, நான்கு அடிக்கு ஒரு மூச்சு என்றால் 45-இலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

திருப்பம் என்றேன். வாட் ஏற ஏற, மூச்சுக் கோடு இரண்டு இடங்களில் செங்குத்தாக வளையும்; அவற்றை வைத்துத்தான் பயிற்சி மண்டலங்களை (லேசானது, நடுத்தரம், கடினம் என்ற படிகளை) பிரிக்கிறோம். இங்கே நடக்கும் பெரிய தவறு அவசரம். நிமிடத்துக்கு நிமிடம் வாட்டை ஏற்றினால் உடம்பு பின்தங்கியே வரும், வளைவு உண்மையைவிட அதிக வாட்டில் தெரியும். அந்த வாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டப் போனால் கால் மணியிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு படியிலும் மூன்று, நான்கு நிமிடம் நில்லுங்கள்; வேறு நாளில் திரும்பவும் செய்யுங்கள். முதல் திருப்பத்துக்குக் கீழே இருந்தால் முழு வாக்கியங்கள் திணறாமல் வர வேண்டும். பேச்சு ஒன்று சொல்லி, பட்டை வேறு சொன்னால் நான் பேச்சின் பக்கம்தான்.

வெயிலும் உயரமான இடமும், ஏன், போட்டிக்கு முந்தைய படபடப்பும்கூட மூச்சைக் கூட்டும். அதைக் கால்களின் உழைப்பு என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர் குடித்த, இருமிய, பேசிய நொடிகளையும் ஒதுக்குங்கள். சராசரிக்கு 20 முதல் 30 நொடி போதும். அரை நிமிட வேகப் பாய்ச்சல்களில் அந்தச் சராசரியும் தாமதமாகத்தான் வந்து சேரும்.

அப்புறம் ஒன்று. மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே அது மாறிவிடும். எண் ஏறுகிறதே என்று பார்த்தவுடன் நானாகவே மூச்சை அடக்கியதைப் பதிவில் பலமுறை பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் சோதனை நாளில் வாட் மட்டும் தெரியும்படி திரையை வைத்துக்கொள்கிறேன். மூச்சின் கணக்கை, கீழே இறங்கி வியர்வையைத் துடைத்த பிறகுதான் திறக்கிறேன்.